நெய் மட்டுமா குற்றவாளி?
ரத்தத்தில் கொழுப்பு ஏறுவதற்கு மறைந்திருக்கும் காரணங்கள்

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் இருக்கிறது திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். பௌர்ணமி தோறும் அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. கோயிலுக்கு வரும் குடும்பங்களில் பல, பொழுது இருந்தால் அங்குள்ள கல்மரப் பூங்காவையும் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன.

பார்வைக்கு மரம், தட்டிப் பார்த்தால் கல்! பட்டையின் கோடும், உள்ளிருக்கும் வரியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு துண்டைத் தூக்கினால் கை வலிக்கும். 1781-ம் ஆண்டிலேயே சோனரே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த அதிசயத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. கிளையும் இலையும் இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதே அதற்கு அடையாளம் என்கிறார்கள் நிபுணர்கள். மண்ணில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற மணற்சத்து மரத்தின் நுண்ணிய துவாரங்களில் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, கடைசியில் மரத்தையே கல்லாக்கிவிட்டது.

மனிதனுடைய ரத்தக் குழாயிலும் இதைப் போன்ற ஒரு காரியம் நடக்கிறது. அங்கே படிவது மணற்சத்து அல்ல. கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருள். மரம் கல்லாவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். ரத்தக் குழாய் அடைபடுவதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகளே போதும்.

அது முதுமையில் தொடங்குவது என்று நினைத்தால் தவறு. கொரியா யுத்தத்தில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேருடைய இருதயத்தை டாக்டர்கள் அறுத்துப் பார்த்து, 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. கட்டுமஸ்தான வாலிபர்கள். அவர்களில் நூற்றுக்கு 77 பேருடைய இருதய ரத்தக் குழாய்களில் அப்போதே கொழுப்பு படியத் தொடங்கியிருந்தது! வைத்திய உலகம் திடுக்கிட்டது.

இந்தியாவின் நிலைமை என்ன? நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று அது கூறுகிறது. ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர்.

"உங்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் என்ன நடக்கிறது? நெய் ஜாடி மேல் பரணுக்குப் போகிறது. முட்டைக்கும் ஆட்டுக்கறிக்கும் தடை விழுகிறது. "நான் அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா?" என்று வீட்டுக்காரி ஆரம்பிக்கிறாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது.

ஏரியும் மதகும்

கொலஸ்ட்ரால் என்பது விஷம் அல்ல. அது இல்லாவிட்டால் மனிதன் உயிர் வாழவே முடியாது. உடம்பின் ஒவ்வொரு அணுவின் சுவரிலும் அது இருக்கிறது. பல ஹார்மோன்களும், உணவைச் செரிக்க வைக்கும் பித்தநீரின் உப்புகளும் அதிலிருந்தே உண்டாகின்றன. 'கொலஸ்ட்ரால்' என்ற பெயரே கிரேக்க மொழியில் 'பித்தம்', 'கெட்டி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டானது. பித்தப்பைக் கற்களில்தான் விஞ்ஞானிகள் இதை முதன் முதலில் கண்டார்கள்.

இவ்வளவு அவசியமான பொருளைச் சாப்பாட்டை மட்டும் நம்பி உடம்பு விட்டுவிடுமா? விடாது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும் பங்கை உடம்பே தயாரித்துக் கொள்கிறது. அதில் ஈரலுக்கு முக்கிய இடம் உண்டு. மிஞ்சியதை ரத்தத்திலிருந்து இழுத்து, பித்தநீரின் வழியாகக் குடலுக்கு வெளியேற்றுவதும் அதே ஈரல்தான்.

ஓர் ஏரியை நினைத்துக் கொள்ளுங்கள். மழை அதிகமானால் ஏரி நிரம்பும். மழை சாதாரணமாகப் பெய்தாலும், மதகு அடைத்துக் கொண்டால் அப்போதும் ஏரி நிரம்பும். சாப்பாட்டை மட்டும் குறை சொல்பவர்கள் மழையை மட்டும் பார்க்கிறவர்கள். மதகை யார் பார்ப்பது?

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சில கடலை எண்ணெய் டப்பாக்களில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். செடியிலிருந்தும் வித்திலிருந்தும் எடுக்கும் எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்றே சொல்லிவிடலாம். 'எங்கள் இளநீரில் எலும்பு இல்லை' என்று விளம்பரம் செய்வது போன்றது அது! ஆனால் தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் உள்ள ஒருவகைக் கொழுப்பு, ஈரலின் மதகைச் சற்று மூடி, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். ஆகவே டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்கில்லாமல் ஊற்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

கழுத்தில் ஒளிந்திருக்கும் காரணம்

நாற்பத்தைந்து வயதுக் குடும்பப் பெண் ஒருத்தியை எடுத்துக் கொள்வோம். கொஞ்ச காலமாகவே அவளுக்கு அசதி. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. மார்கழிக் குளிரில் மற்றவர்கள் ஒரு போர்வை போர்த்தினால் அவளுக்கு இரண்டு வேண்டும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. தோல் வறண்டு கிடக்கிறது. மலச்சிக்கல். முகம் லேசாக உப்பியிருக்கிறது, குரலும் கம்மிவிட்டது. "எந்நேரமும் படுத்துக் கிடந்தால் உடம்பு ஊதாமல் என்ன செய்யும்?" என்கிறாள் மாமியார். ரத்தத்தைச் சோதித்தால் கொலஸ்ட்ரால் 290. அவளோ நெய்யைத் தொட்டு வருஷக்கணக்காகிறது!

இவளுடைய வியாதி சமையலறையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. குரல்வளைக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி போல் ஒட்டிக் கொண்டிருக்கும் தைராய்டு சுரப்பி வேலையில் மந்தப்பட்டுவிட்டது. தைராய்டு நீர் குறைந்தால், ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் ஈரலின் வாசல்கள் எண்ணிக்கையில் குறைந்துவிடும். மதகு பாதி அடைத்தது போலத்தான். எவ்வளவு பத்தியம் இருந்தாலும் ஏரி வற்றாது.

இது அபூர்வமான வியாதியும் அல்ல. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு 11 பேருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

தைராய்டு சிகிச்சை பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வற்றிப் போய், முகமும் உடலும் வீங்கிச் சோர்ந்து கிடந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அந்தப் பெண்மணி எழுந்து நடமாடலானார். அதற்குப் பின் 28 ஆண்டுகள் உயிரோடிருந்து, 74-வது வயதில் காலமானார். அவரை வாழ வைப்பதற்கு 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன! இன்று அந்த வேலையை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் ஒரு சின்னஞ்சிறு மாத்திரை செய்கிறது.

தைராய்டுக்கு நேரான ரத்தப் பரிசோதனை வராத காலத்தில், டாக்டர்கள் கொலஸ்ட்ரால் ஏறியிருப்பதையே தைராய்டு மந்தத்துக்கு ஒரு துப்பாக வைத்துக் கொண்டார்கள். இன்றோ டி.எஸ்.எச். என்ற பரிசோதனை ஊருக்கு ஊர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய துப்பை மறந்துவிட்டவர்களும் உண்டு. அதனால் விளையும் கெடுதல் சாதாரணமானதல்ல. தைராய்டு குறைவு இருப்பதை அறியாமல் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் 'ஸ்டாட்டின்' மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்குத் தசைகளில் கடும் வலி உண்டாகும். தைராய்டைச் சரிப்படுத்தினால், சிலருக்குக் கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கி, அந்த மாத்திரையே தேவைப்படாமல் போவதும் உண்டு.

சிறுநீரில் நுரை, தோலில் அரிப்பு

நீரிழிவு உள்ள வீட்டில் கொழுப்புக் கோளாறும் குடியிருக்கும் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் பெரிதாக ஏறாமலே இருக்கலாம். அவருக்கு ஏறுவது 'டிரைகிளிசரைடு' என்ற இன்னொரு கொழுப்பு. ரத்தக் குழாய்க்குத் துணை நிற்கும் நல்ல கொலஸ்ட்ரால் குறைந்துவிடும். ஆகவே "மொத்தம் 190தானே, பயமில்லை" என்று அவர் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நான்கு கணக்கையும் பார்க்க வேண்டும். மிதமிஞ்சிய குடியும் இந்த டிரைகிளிசரைடைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

சிறுநீரகத்தின் கதை வேறு. சிறுநீரகம் நல்லதைத் தடுத்து வைத்து, கழிவை மட்டும் வெளியே விடும் சல்லடை. அந்தச் சல்லடை கெட்டுவிட்டால் ரத்தத்திலுள்ள புரதச் சத்து சிறுநீரோடு ஓடிவிடும். இழந்ததை ஈடுகட்ட ஈரல் அவசர அவசரமாகப் புரதம் தயாரிக்கிறது. அந்த அவசரத்தில் கொழுப்பைச் சுமக்கும் பொருள்களும் சேர்ந்து பெருகிவிடுகின்றன. காலையில் எழும்போது கண்ணிமை வீங்கியிருப்பது, கால் வீக்கம், சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல் நுரைப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். பால் மணம் மாறாத குழந்தைகளுக்கும் இது வரும். கிராமத்தில் "பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது சதை அல்ல, நீர். அந்தக் குழந்தையின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 400, 500 என்று இருக்கும். நெய்யையும் முட்டையையும் நிறுத்தி என்ன பிரயோசனம்? சிறுநீரகம் தேறினால்தான் அது இறங்கும்.

பித்தநீர் போகும் குழாய் அடைத்துக் கொண்டாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அதுதானே வெளியேறும் வழி! மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போதல் ஆகியவை தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மருந்தே காரணமானால்?

ஒரு வியாதிக்குச் சாப்பிடும் மருந்து கொழுப்பை ஏற்றிவிடுவதும் உண்டு. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் இதில் முதலாவது. முகப்பருவுக்குத் தரும் ஒரு வகை மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள், ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக் கொண்டவர்கள் சாப்பிடும் சில மருந்துகள் ஆகியவையும் உண்டு. சீக்கிரம் உடம்பு முறுக்கேற வேண்டும் என்று உடற்பயிற்சிக் கூடத்து வாலிபர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக் கொள்ளும் ஊசிகளும் இந்தக் கணத்தைச் சேர்ந்தவையே.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேஜையில் கொட்டிவிடுவதே உத்தமம். 'மூட்டுவலிக்கு' என்று சந்தையில் விற்கும் பெயரில்லாப் பொட்டலமும் அந்தப் பையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொட்டலங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் அகப்பட்டதுண்டு.

கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவது இயற்கை. வயிற்றிலுள்ள சிசு வளர வேண்டாமா? பிரசவத்துக்குப் பின் அது இறங்கிவிடும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு அது ஏறத் தொடங்கும். அதுவரை ஆண்களைவிடப் பாதுகாப்பாக இருந்தவர்கள், அதற்குப் பிறகு வருஷம் ஒரு முறையாவது ரத்தத்தைப் பார்த்துக் கொள்வது நல்லது.

பிறவியிலேயே வரும் வியாதி

இவை எல்லாவற்றிலும் கொடியது, பரம்பரையாக வருவது. ஈரலின் வாசல்களை உண்டாக்கும் மரபணுவிலேயே பிழை. அமெரிக்காவில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வாசல்களைக் கண்டுபிடித்து 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பிழையுள்ள மரபணு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால் வாசல்களில் பாதி வேலை செய்யாது. உலகில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இப்படி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்கள் ஒல்லியாக இருக்கலாம், சைவமாக இருக்கலாம். ஆனாலும் 'எல்.டி.எல்.' என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 190-க்கு மேல் போய்விடும். கவனிக்காமல் விட்டால் நாற்பது, ஐம்பது வயதிலேயே மாரடைப்பு வரும். "அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் நீடிப்பதில்லை, ஏதோ சாபம்" என்று ஊரில் சொல்வார்கள். சாபத்தின் பெயர் சில வீடுகளில் இதுவாகவே இருக்கும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்துவிட்டால்? வாசல்கள் அநேகமாக முற்றிலும் அடைபட்டுவிடும். ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற அமெரிக்கச் சிறுமியின் கதை உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தது. ஆறு வயதுக்குள்ளேயே மாரடைப்பு வந்துவிட்டது அவளுக்கு! ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 1000-க்கு மேல். 1984 பிப்ரவரி 14-ந் தேதி, பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் குழுவினர் அவளுக்குப் புதிய இருதயத்தையும் புதிய ஈரலையும் ஒரே சமயத்தில் பொருத்தினார்கள். உலகில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. புதிய ஈரலில் வாசல்கள் திறந்திருந்தன. கொலஸ்ட்ரால் சுமார் 300-க்கு இறங்கிவிட்டது. குற்றவாளி சாப்பாடு அல்ல, ஈரலே என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அந்தச் சிறுமி மேலும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடம் போய், விளையாடி வாழ்ந்து, 1990-ல் 13 வயதில் காலமானாள்.

அமெரிக்காவில் நடந்த இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணம் முடிப்பது இந்த நாட்டு வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உறவிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். ஒரே பாட்டன் வழி வந்த மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பிழையைச் சுமந்து கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருவருமே சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. உறவு முறை பார்த்துக் கலியாணம் பேசும்போது சொத்தையும் நகையையும் விசாரிக்கிறோம். பெண் வீட்டில் யார் எந்த வயதில் நெஞ்சுவலியில் போனார் என்பதையும் விசாரித்தால் என்ன?

இந்தப் பிழை இருபக்கமும் வந்த குழந்தையை உடம்பின் மேலேயே அடையாளம் காணலாம். முழங்கை, முழங்கால், குதிகால் நரம்பு, விரலிடுக்கு ஆகிய இடங்களில் மஞ்சள் நிறத்தில் பட்டாணி, சுண்டைக்காய் போன்ற முடிச்சுகள் எழும். வலி இருக்காது. மரு என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவுகிறவர்களும், குதிரை முடி கட்டுகிறவர்களும் உண்டு. வெட்டி எடுத்தாலும் மறுபடி வளரும். அவை தோலில் எழுந்த கொழுப்பு. அதே கொழுப்பு உள்ளே இருதயக் குழாயிலும் படிந்து கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்குக் கண்ணிமையின் மூக்குப் பக்கத்து ஓரத்தில் மஞ்சள் திட்டு தெரிந்தாலும் ஒரு முறை ரத்தத்தைச் சோதிப்பது நல்லது. எல்லாருக்கும் இப்படி அடையாளம் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலோருக்குக் கொலஸ்ட்ரால் எந்த அறிகுறியும் காட்டாமலே ஏறிக் கிடக்கும்.

எப்போது பார்ப்பது?

18 வயது நிரம்பியதும் ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று இந்திய இருதய மருத்துவர் சங்கம் 2024-ல் வழிகாட்டியிருக்கிறது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும். முதல் தடவை பார்ப்பதற்குப் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலோருக்கு இல்லை என்கிறது சங்கம். திருவக்கரைப் பக்கத்து ஜனங்களுக்குத் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தால், டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்: "ஐயா, இதற்குப் பின்னால் வேறு வியாதி இருக்குமா? தைராய்டு, சர்க்கரை, சிறுநீர், ஈரல் இவற்றைப் பார்த்துவிடலாமா?" நான்கும் சாதாரண ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளே. நெய்யையும் வறுவலையும் குறைப்பது, நடப்பது, புகையிலையை விடுவது ஆகியவை எப்படியும் நல்லவை. அவற்றோடு இதுவும் வேண்டும்.

பரம்பரை வியாதி என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், சிகிச்சை அந்தக் குழந்தையோடு நிற்பதில்லை. தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமன் என்று ஒவ்வொருவராக அழைத்து ரத்தத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது, ஒரு நாளும் ஜுரம் என்று படுக்காமல் ஏர் பிடித்துக் கொண்டிருக்கும் பெரியப்பாவுக்கு 310 இருப்பது தெரியவரும். அவருக்கு அன்றிலிருந்தே ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிவிடுவார்கள்.